வலையை அனுப்பிவிட்டுக் கழியை மறந்தவன்

என் போனில் ஒரு பழைய படம் இருக்கிறது. லேப்டாப் திரை நிறையச் சிவப்பு எழுத்து, கடைசி வரியின் மேல் ஒரு விரல், நகத்தோரம் மீன் செதில். அது என் அண்ணியின் விரல். எத்தனை போன் மாற்றினாலும் அந்தப் படத்தை நான் அழித்ததில்லை.

அண்ணி பொன்னேரியில் படித்தவர், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவில் விண்ணப்பம் போட்டுத் தரும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் முறை உண்டு, பாடு என்போம். அந்த முறைப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வாசித்து முடிக்கும்வரை ஒரு படகும் இறங்காது. நோட்டில் எழுதும் பட்டியலில் வருஷா வருஷம் யார் பெயராவது விட்டுப்போகும், அடிதடி வரும். "என் கொழுந்தன் பைத்தான்ல ப்ரோகிராம் எழுதித் தருவான், ஒரு பேர்கூட வுடாது" என்று அண்ணி ஊரிடம் சொல்லிவிட்டார். ஒரு பெண் சொல்லி ஊர்க்கூட்டம் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. ஓடாவிட்டால் அதுவே கடைசித் தடவையும்.

பாடு வாசிக்கும் நாள் காலை, சென்னையில் இருந்த எனக்குப் போன். "தம்பி, நீ குட்த்தது ஓடல."

"எங்கிட்ட நல்லா ஓடுதே அண்ணி!" எனக்கு ரோஷம் வேறு.

"உங்கிட்ட ஓடி இன்னா பண்றது? கூட்டம் இங்க குந்திக்கினு கீது!"

அந்தப் படம் வந்தது. நான் முதல் வரியிலிருந்து படித்துத் திருதிருவென்று விழித்தேன். அவர் கடைசி வரியைப் பிடித்துவிட்டார். "‘பாடுகணக்கு’ன்னு எதையோ காணோம்னு சொல்து. வலைய அனுப்பிட்டு அத்த கட்ற கழிய வூட்லயே வெச்சுக்கினியா?"

அதேதான். யாருக்கு எந்த நாள் என்று முறை சுழற்றிக் கணக்குப் போடும் கோப்பு, பாடுகணக்கு என்ற ஃபோல்டருக்குள் என்னிடமே இருந்தது. நான் அனுப்பியது அதைக் கூப்பிடும் கோப்பை மட்டும். விட்டுப்போன அந்தக் கோப்பையும் அனுப்பினேன், அப்போதும் ஓடவில்லை. என் ஃபோல்டர் பெயரையும் சேர்த்தல்லவா அதைக் கூப்பிடும் வரியை எழுதியிருந்தேன்! அண்ணி அதே பெயரில் ஃபோல்டர் திறந்து கோப்பை உள்ளே வைத்தார். அடுத்து, ப்ரோகிராமுக்குத் துணையாக வேண்டிய ஒரு லைப்ரரி இல்லை என்றது, அதையும் தானே இறக்கிப் போட்டார். சம்பளம் வாங்கும் இன்ஜினியர் நான் செய்தது, போனைக் காதில் வைத்து "ம்" கொட்டியது. கடைசியில் பிரிண்டர் சத்தம் கேட்டது, அப்பாடா என்றிருந்தது.

வாசிக்க ஒரு பெரியவர் கை நீட்டினாராம். "ஓட வெச்சவளே படிக்கட்டும்" என்றாராம் ஊர்த் தலைவர். ஒரு பெயரும் விடுபடவில்லை. இதை என் அண்ணன் போனில் மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை, இன்றும்தான்.

அன்று மாலையே அண்ணி எனக்குக் கட்டளை போட்டார்: "இன்னின்ன வேணும்னு ஒரு சீட்டு எழுதி, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பு. அடுத்தவன் வூட்ல ஓடினாதான் அது ஓடுனதா கணக்கு." இப்போது ஆபீசில் எதைக் கொடுப்பதானாலும் முதலில் பக்கத்து மேஜைக்காரர் மெஷினில் ஓட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் அண்ணியிடமிருந்து இன்னொரு படம் வந்தது. ஏரிக்கு அக்கரையில் ஒரு ஊர், நாங்கள் இருவருமே தொடாத லேப்டாப். திரையில் சிவப்பு எழுத்தே இல்லை, அவர்கள் ஊர்ப் பாடு பட்டியல் முழுசாக நிற்கிறது. கடைசிப் பெயரின் மேல் வேறொரு பெண்ணின் விரல். கீழே அண்ணி எழுதியிருந்தார்:

"மூட்டைய அனுப்பினதோட சரி. ஒரு போன்கூட பண்ணல தம்பி அவங்க."