வஹீதா கேட்ட பன்னிரண்டு நிமிடங்கள்

பிறர் பேசியதைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்வதுதான் வஹீதாவின் வேலை. கல்லூரிகளில் சமூகவியலும் பண்பாட்டு ஆய்வும் செய்கிறவர்கள் தெருத் தெருவாகப் போய் ஆட்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். மணிக்கணக்கான அந்தப் பேச்சு எழுத்துக்கு வந்தால்தான் அவர்களால் ஆய்வேடு எழுத முடியும். திருச்சி பாலக்கரையில், தன் தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னலோரம் போட்ட மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக அவள் இதைச் செய்துவந்தாள்.

அவள் கணவர் மஞ்சள் காமாலையில் மவுத்தானபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தை இல்லை. அப்போது அம்மா இருந்த இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், கல்யாணத்துக்கு முன்பு பாஸ் செய்திருந்த தமிழ் டைப்பிங் ஹையர் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்தாள். ஆளாளுக்கு லேப்டாப் வாங்கிவிட்ட பிறகு அந்தக் கடை மூடப்பட்டது. அப்போது ஒரு மாணவர், "அக்கா, டைப் பண்ண எங்களுக்கே தெரியும். காதால கேட்டு எழுத்துல கொண்டு வர்றதுதான் முடியல," என்று ஒரு பதிவைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் இது தொடங்கியது.

அவள் எதையும் திருத்த மாட்டாள். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் ஒரு பெண்ணிடம் அவள் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 'அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லீங்க' என்று அந்தப் பெண் சொன்னதற்கு முன்னால் வஹீதா, 'ஆறு நொடி மௌனம்' என்று போட்டிருந்தாள். அந்த ஆறு நொடியைப் பார்த்துத்தான் ஆய்வு செய்தவர் மறுபடியும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். வேறு பதில் கிடைத்தது. இந்தச் செய்தி பரவி, புதுக்கோட்டை, தஞ்சாவூரிலிருந்துகூட அவளைத் தேடி வந்தார்கள்.

யாழினியும் அப்படி வந்தவள்தான். எடமலைப்பட்டி புதூர்ப் பெண். படிப்பதற்கு வசதியாக ஸ்ரீரங்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் வீடுகளில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. முப்பத்து நான்கு பெண்களிடம் பேசியிருந்தாள். பதிவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று வஹீதாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"உங்க வீட்லயும் யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா அக்கா?" என்று யாழினி அப்போது கேட்டாள்.

"தம்பி அப்ரார் தம்மாம்ல இருக்கான். ஏசி மெக்கானிக்."

அந்தத் தம்பிக்கு மனைவி இருக்கிறாளா என்று யாழினி கேட்கவில்லை. வஹீதாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மனைவி இருந்தாள். பெயர் ருக்ஸார், வயது முப்பது, பி.காம் படித்தவள். ஆறு வயது மகள் ஆஃப்ரினோடு அதே வீட்டின் மாடியில் இருந்தாள். தென்னூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் வகுப்புக்கு யாழினி வந்து பேச ஆள் தேடியபோது, அங்கே போயிருந்த ருக்ஸார் தானாகவே முன்வந்திருக்கிறாள். இது பாலக்கரை வீட்டுக்குத் தெரியாது. தன் பேச்சு கடைசியில் எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்பது ருக்ஸாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வஹீதா பதினேழாம் எண் பதிவைத் திறந்தாள். "ம்ம்... கேளுங்க," என்று ஹெட்போனில் ஒரு குரல் வந்தது. அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை.

"வீட்ல முடிவெல்லாம் எங்க வீட்டுக்காரரோட அக்காதான் எடுப்பாங்க," என்றது குரல். "நல்லவங்கதான், கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா போன் அவங்க நம்பருக்குத்தான் வரும். அரை மணி நேரம் பேசுனா அவங்க இருபத்தஞ்சு நிமிஷம் பேசுவாங்க. மிச்சத்துல பிள்ளை பேசும். அப்புறம் நான். அதுவும் அவங்க முன்னாடி, ஹால்ல உக்காந்து. ஒரு புருஷன் பொண்டாட்டி ஹால்ல உக்காந்து என்னங்க பேச முடியும்?"

யாழினியின் குரல் ஏதோ மெதுவாகக் கேட்டது.

"கேக்கலாம்தான். கேட்டா குடுத்துடுவாங்க. ஆனா அவங்களுக்கு இந்த வீட்ட விட்டா போக இடம் இல்லீங்க. புருஷனும் இல்ல, பிள்ளையும் இல்ல. தம்பியோட பேசுறது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நான் புடுங்கிக்கணுமா? பாவம்னு விட்டுடுவேன்."

வஹீதா ஹெட்போனைக் கழற்றினாள். திரையில் பன்னிரண்டு நிமிடம் சொச்சம் ஓடியிருந்தது. மாடியில் ருக்ஸார் துணி உதறும் சத்தம் கேட்டது. தன்னைக் குறை சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டும் இருக்கலாம். 'பாவம்' என்ற சொல்லை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியம் ருக்ஸார் கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து வைத்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் வழக்கம்போல அப்ராரின் வீடியோ கால் வந்தது. எடுத்ததும், "ருக்ஸார் நம்பருக்குக் கூப்பிடுப்பா. எனக்கு வேலை இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ருக்ஸார் படியிறங்கி ஓடி வந்தாள்.

"அக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். போ, அவன் காத்துக்கிட்டு இருப்பான்."

மறுநாள் காலையில் வஹீதா ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். யாழினியின் அறை அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. கட்டில் முழுக்கத் தாள்களைப் பரப்பிவைத்திருந்த யாழினி, அவற்றை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள்.

"பதினேழாம் நம்பர் என் தம்பி பொண்டாட்டிம்மா," என்றாள் வஹீதா.

யாழினிக்கு முகம் வெளிறியது. "அய்யோ அக்கா. நான் கேட்டிருக்கணும். தம்பின்னு சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"என் மேலயும் தப்பு இருக்கு. குரல் தெரிஞ்சதும் நிறுத்தல. பன்னெண்டு நிமிஷம் கேட்டுட்டேன். எதுக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியல. இந்தாங்க, இதுல எல்லாப் பதிவும் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிட்டேன்." பென்டிரைவைக் கட்டிலில் வைத்தாள்.

யாழினி உடனே தன் நெறியாளருக்குப் போன் செய்தாள். வாசலில் நின்று வெகுநேரம் பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"அவங்ககிட்ட சொல்லியாகணும் அக்கா. தெரிஞ்சவங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அது நடக்கல. பதிவை வச்சுக்கணுமா, அழிச்சிடணுமான்னு அவங்கதான் சொல்லணும்."

"சொன்னா அவ பயந்துடுவாம்மா. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல எப்படி மூஞ்சியப் பாத்துக்கிறது?"

"தெரியுதுக்கா. ஆனா மறைச்சேன்னா, என்னை நம்பிப் பேசினவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

வெளியே தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள்.

"சரி, சொல்லுங்க," என்றாள் வஹீதா கடைசியில். "ஆனா தெரியாம கேட்டுட்டாங்கன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சேதான் கேட்டேன். அதையும் சேத்துச் சொல்லிடுங்க."

யாழினி அன்று மதியமே ருக்ஸாரிடம் பேசினாள். சாயங்காலம் ருக்ஸார் மகளைக் கூட்டிக்கொண்டு தென்னூருக்குக் கிளம்பினாள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேங்க," என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

வஹீதா அந்த வீட்டில் தனியாக நான்கு நாள் இருந்தாள். வேறு வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏழு வருடமாக ருக்ஸார் எத்தனை நாள் அந்த ஹாலில் உட்கார்ந்து, புருஷனிடம் 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருநாள்கூடத் தான் எழுந்து வேறு அறைக்குப் போனதில்லை.

மூன்றாம் நாள் அப்ரார் அழைத்தான். "என்னக்கா, ருக்ஸார் திடீர்னு அங்க போயிட்டா? கேட்டா சும்மாதான்னு சொல்றா."

"என்னாலதான் போயிருக்கா."

"ஏன், என்ன ஆச்சு?"

"அது எங்க ரெண்டு பேரு விஷயம், நாங்க பாத்துக்கிறோம். நீ இனிமே தினம் அவ நம்பருக்குக் கூப்பிடு. என்கிட்ட வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு பேசு, போதும்."

"அக்கா, நீங்க எதுவும் மனசுல வச்சுக்கிட்டு..."

"கோபமெல்லாம் இல்லப்பா. சொன்னதச் செய்."

ஐந்தாம் நாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. ஆஃப்ரின் நேராக மாடிக்கு ஓடினாள். ருக்ஸார் கைப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எதுவரைக்கும் கேட்டீங்க?"

"எனக்குப் போக இடம் இல்லேன்னு சொன்ன வரைக்கும்."

ருக்ஸார் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "போன் விஷயத்தைக் கேட்டிருந்தாக்கூட பரவாயில்லன்னு நெனச்சேன். இதைக் கேட்டிருக்கக் கூடாதுன்னு நாலு நாளா துஆ செஞ்சேன்."

"ஏன், பொய்யா சொன்னே?"

"பொய் இல்லக்கா. ஆனா உங்ககிட்ட சொல்றதுக்காகச் சொன்னது இல்ல."

"நானும் கேட்டிருக்கக் கூடாது. உன் பேச்ச ஒளிஞ்சிருந்து கேட்ட மாதிரிதான் அது. மன்னிச்சிடு." வஹீதா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். பாவம்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு இருக்காதே. அது எனக்கு வேணாம். புடிக்கலைன்னா புடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. சண்டை வந்தா வரட்டும்."

ருக்ஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதிவை அழிச்சிடச் சொல்லட்டுமா?"

"அதை என்கிட்ட கேக்காதே. அது உன்னோடது."

ருக்ஸார் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு யாழினிக்குப் போன் செய்து, பதிவை வைத்துக்கொள்ளலாம், அந்த 'பாவம்' என்று முடிகிற பகுதியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றாள். முப்பது வருடத்தில் தான் பேசியதை ஒருவர் குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் கேட்டது அன்றைக்குத்தான், அதை அழிக்க மனசு வரவில்லை என்றும் சொன்னாள். யாழினி அந்தப் பகுதியை நீக்கினாள். மிச்சத்தைத் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். வஹீதாவுக்கு ஒரே நாளில் முடிகிற வேலை, அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

மற்றப் பதிவுகளில் பெரும்பகுதியை வஹீதாதான் முடித்துக் கொடுத்தாள். இந்த முறை யாழினி ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன்பு, பேசியவர் எந்தப் பகுதி என்பதை மட்டும் சொன்னாள். பாலக்கரை, தென்னூர், உறையூர்ப் பக்கத்துப் பதிவுகளை வஹீதா தொடவில்லை. அவை தஞ்சாவூரில் ஒருவருக்குப் போயின. ஆய்வேட்டில் யாழினி இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். தட்டச்சு செய்கிறவரும் அதே ஊர்க்காரர்தான் என்பதை ஆய்வு செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று அதில் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டு பக்கங்களையும் இருவரிடமும் படிக்கக் கொடுத்தாள். வஹீதா ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள். மறு வருடம் யாழினிக்குப் பட்டம் கிடைத்தது.

வீட்டில் சண்டைகளும் வந்தன. ஆஃப்ரினை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது என்பதில் இருவரும் ஒரு வாரம் நேருக்கு நேர் வாக்குவாதம் செய்தார்கள். ருக்ஸார் சொன்னபடிதான் நடந்தது. தில்லை நகரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ருக்ஸாருக்கு வேலை கிடைத்தபோது, சமையலை யார் பார்ப்பது என்று இன்னொரு சண்டை. வாரத்தில் மூன்று நாள் வஹீதா, மூன்று நாள் ருக்ஸார், ஞாயிற்றுக்கிழமை கடை பிரியாணி என்று முடிவானது.

இந்த ஏப்ரலில் அப்ரார் விடுமுறைக்கு வந்தான். மாடியில் தனிச் சமையலறை கட்டலாமா என்று ஒருநாள் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"எனக்கு இதுல சொல்ல ஒண்ணும் இல்லப்பா. உங்க மாடி, நீங்களே முடிவு பண்ணிக்கங்க," என்றாள் வஹீதா.

பிறகு அரை மணி நேரம், சிங்க் எந்தப் பக்கம் வர வேண்டும், ஜன்னலை ஏன் கிழக்கே வைக்கக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். ருக்ஸார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "ஜன்னல் விஷயம் சரிக்கா. சிங்க் நான் சொன்ன எடத்துலதான்," என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்தாள்.