பிறந்த வீட்டுக்கு ஒரு டிக்கெட்

விசிலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று டெப்போவில் எல்லோரும் சொல்வார்கள். அநியாயமான பேச்சு. நியாயம் இருக்கிற இடத்தில்தான் அவள் கத்துவாள். நியாயம் எப்போதும் அவள் பக்கமே இருந்து தொலைத்தால் அவள் என்ன செய்வாள்? கல்யாணமான புதிதில் பிடித்த பஸ் கண்டக்டர் வேலை. படியில் தொங்குகிற தடியனை விசில் ஊதி இறக்கிவிட்டு, அவன் ஓடிவந்து கெஞ்சினால் பெற்றவளைப் போலத் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் வாயடைத்துப் போனது ஒரே ஒரு தடவை. மழையில் வீடு விழுந்துவிட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை என்று அண்ணன் போனில் சொன்ன அன்று. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்தச் சுவர்கள்தான். புருஷனோடு சண்டை வந்தால் ‘எங்க வீட்டுக்குப் போறேன்’ என்று மிரட்டுவதற்காவது ஒரு வீடு நிற்க வேண்டாமா? விழுந்து கிடப்பதைப் போய்ப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் அழுது ஓய்ந்தபின் அண்ணன் நேரில் வந்தான். இடிபாட்டில் இது ஒன்றுதான் அகப்பட்டது என்று வாசல் கதவின் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாண் நீளச் சாவி. அன்றிலிருந்து அது அவள் பையிலேயே கிடந்தது. சில்லறைக்குத் துழாவும்போதெல்லாம் விரலில் இடறும்.

போன மாதம் டெப்போ ஆட்கள் ஒரு மியூசியத்துக்குச் சுற்றுலா போனார்கள். நான்கு சுவருக்குள் அடங்காத மியூசியம். எங்கெங்கோ இருந்த பழைய வீடுகளைப் பலகை பலகையாகக் கழற்றி, எண் போட்டு, லாரியில் கொண்டுவந்து, புல்வெளியில் மறுபடி கட்டி நிறுத்தியிருந்தார்கள். காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவள் அன்று வரிசையில் நின்று ஒன்று வாங்கினாள். கொல்லன் பட்டறையில் ஒருத்தர் நெருப்பே இல்லாத உலைக்கு முன்னால் சுத்தியலை ஓங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நம் பஸ்ஸின் பிரேக்கை இவரிடம் கொடுத்தால் இதேபோலத்தான் சரிபண்ணுவார் என்றார் டிரைவர். விசிலக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கதவின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. சின்ன வயதில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு அவள் அறைந்து சாத்தியதில் பலகை பிளந்து, அப்பா திட்டிக்கொண்டே அடித்த பட்டை. ஆணிகள்கூட அப்பா அடித்த அதே கோணல். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. வீடு பிழைத்துவிட்டதே என்று கதவைத் தடவிக்கொண்டு நின்றாள் பாவம்.

உள்ளே வழிகாட்டிப் பெண் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நன்றாக நின்றுகொண்டிருந்த வீடாம். சொந்தக்காரர் மனமுவந்து விற்றாராம். பெற்றவர்களுக்கு அவர் ஒரே பிள்ளையாம், வேறு வாரிசே கிடையாதாம். வாசல் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

விசிலக்கா அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“வீடு விழுந்துடுச்சுன்னியே அண்ணே. நான் அதுக்குள்ளதான் நிக்கிறேன்.”

அண்ணன் மென்று விழுங்கினான். மியூசியக்காரர்கள் அவசரப்படுத்தினார்களாம், கையெழுத்துக்கு அவளைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லையாம், பணத்தில் அவளுக்கும் ஏதாவது பார்த்துச் செய்கிறானாம்.

“பணம் கிடக்கட்டும். என்னை எதுக்குடா இல்லைன்னு சொன்னே?”

அண்ணனை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

“உன்னைத்தான் கட்டிக் கொடுத்தாச்சே. அப்புறம் அந்த வீட்டுக்கும் உனக்கும் என்ன இருக்கு?”

அவள் போனை வைத்தாள். செத்துப்போனவளுக்குக்கூடப் படம் மாட்டுவார்கள். இவளை உயிரோடு இருக்கும்போதே துடைத்துப் போட்டுவிட்டான். அந்தச் சாவியை நெஞ்சோடு வைத்து அழுததை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பைக்குள் கைவிட்டாள். சாவியும் வந்தது, விசிலும் வந்தது.

ஊதினாள் பாருங்கள், கூரையே அதிர்ந்தது.

“எல்லாரும் இறங்குங்க. வண்டி போகாது.”

டெப்போ ஆட்கள் பழக்க தோஷத்தில் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும், கடைசியில் வழிகாட்டிப் பெண்ணும் இறங்கினார்கள். விசிலக்கா கதவை அறைந்து சாத்தி, உள்பக்கம் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தார்கள், சுலபமாகத் திரும்பியது. அண்ணன் ஒரு நாளும் விட்டதில்லை.

வெளியே கதவு தட்டப்பட்டது. வழிகாட்டிப் பெண்தான்.

“மேடம், இப்படியெல்லாம் பூட்டக்கூடாது. நீங்க யாரு மேடம்?”

“இந்த வீட்டுப் பொண்ணு. வாசல் பலகையில ‘ஒரு மகளும் இருக்கிறாள்’னு எழுதிட்டு வாங்க, திறக்கிறேன். ‘இருந்தாள்’னு எழுதிடாதீங்க.”