மறுநாள் காலை எட்டரை மணிக்கு

என் அலுமாரியின் மேல்தட்டில், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கும் வீட்டு உறுதிப் பத்திரத்துக்கும் இடையில், நான்காக மடித்த தாள் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். மேலே ஒரு தலைப்பு, அதன் கீழ் ஐந்தாறு வரிகள், கடைசியில் நிரப்ப வேண்டிய மூன்று இடங்கள். இரண்டு இடங்கள் நீல மையால் நிரப்பப்பட்டிருக்கின்றன. மூன்றாவது வெறுமையாக இருக்கிறது. முப்பது வருடம் ஊராருடைய கடிதங்களை அடித்துக் கொடுத்துப் பிழைத்தவள் நான். அத்தனையிலும் என்னோடு தங்கிவிட்டது இந்த ஒரு தாள்தான்.

யுத்த காலத்தில், தலைநகரின் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில், என் அக்காவின் கணவர் ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, ஒன்பது மணிக்கு நான் கடை திறப்பேன். விசாவுக்கு, பொலிஸ் பதிவுக்கு, பிடித்துக்கொண்டு போன பிள்ளையை விடச் சொல்லி என்று எல்லாவற்றுக்கும் மனு அடித்தோம். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கச்சேரி ஐயா. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், அங்கே அந்தக் கந்தோரைக் கச்சேரி என்பார்கள், பிரதம லிகிதராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இடம்பெயர்ந்து வந்து, மனைவியோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். கையில் எப்போதும் ஒரு காக்கி உறை. அதற்குள், சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு முழு அரசாங்கம் இருந்தது.

வடக்கில் தமிழருக்கென்று போரிட்ட இயக்கம் வென்று புதிய நாடு பிறந்தால் அதை எப்படி நடத்துவது என்று ஐயா எழுதிக்கொண்டிருந்தார். கொடி பற்றி ஒரு வரி இல்லை. போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் மறுநாளைப் பற்றித்தான். "ஆட்சியைப் பிடிக்கிறது ஒரு நாள் அலுவல், பிள்ளை. அடுத்த நாள் காலமை எட்டரைக்கு ஆர் கந்தோரைத் திறக்கிறது?" என்று கேட்பார். பழைய உத்தியோகத்தரை விலக்கினால் காணிப் பதிவேடு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விலக்காவிட்டால் இத்தனை பேர் செத்தது எதற்கு? துவக்குப் பிடித்துப் போரிட்டவனுக்குக் கதிரை கொடுக்காவிட்டால் கோபம், கொடுத்தால் கந்தோர் நாசம். இயக்கம் ஊரைவிட்டு அனுப்பிய முஸ்லிம் சனம் திரும்பி வந்து வீட்டைக் கேட்டால் உள்ளே குடியிருப்பவனை எங்கே அனுப்புவது? இந்தக் கடைசிக் கேள்விக்கான பக்கத்தை மட்டும் மூன்று தரம் திருத்தி அடிப்பித்தார். ஒருநாள் நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஐயா, நாங்க இங்க கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்த ஆக்கள். உங்கட நாட்டில எங்களுக்கு எந்த வாசல்?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த கிழமை அதே பக்கத்தை நாலாவது தரம் கொண்டுவந்தார்.

வேலையில் அவர் பொல்லாதவர். ஓரத்தில் விட்ட இடம் குறைந்தால் திரும்ப அடிக்க வேண்டும். யாராவது திகதி போடாமல் மனு எழுதிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றால், கேட்காமலே புத்தி சொல்வார்: "திகதி இல்லாத கடதாசி கடதாசியே இல்லை." நாங்கள் ஒரு கார்பன் தாளை வெளிறும்வரை பத்துத் தடவை பாவிப்போம். அவருக்கு அது ஆகாது. பக்கத்துக்கு ஒரு புதுக் கார்பன் தாமே வாங்கி வருவார். மூலத்தையும் பிரதியையும் உறையில் போட்டு, கார்பனைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். ஒரேயொரு தடவை மழைக்கு ஓடும் அவசரத்தில் அவர் கார்பனை மறந்துபோனார், நானும் மறந்துபோனேன்.

அடுத்த நாள் பார்த்துப் பொலிஸ்காரர்கள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். கடை கடையாக ஏறி வந்தார்கள். மேசை லாச்சியை இழுத்துக் கவிழ்த்த அதிகாரியின் கையில் அந்தக் கார்பன் அகப்பட்டது. பத்துத் தடவை அடித்த கார்பனில் ஒன்றும் வாசிக்க முடியாது. ஒரே தடவை அடித்த புதுக் கார்பனில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "மே மொகக்த?" என்று கேட்டார். என்ன இது என்று சிங்களத்தில் கேள்வி. அந்தோனியாரே, என் இரண்டு பெண் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் நினைத்தேன். தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர் தாளை வாங்கித் திருப்பிப் பிடித்து மெதுவாக வாசித்தார். ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதாக வருடந்தோறும் சான்றிதழ் ஒன்றைக் கிராம சேவகரின் ஒப்பத்துடன் சமர்ப்பித்தல் வேண்டும். அதுதான் அந்தப் பக்கம். பாதியிலேயே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "ஆண்டுவே லியவில்லக், சேர்" என்றார். அரசாங்கக் கடதாசியாம். அதிகாரி அதை மேசையில் எறிந்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

பின்னேரம் ஐயா வந்தபோது எனக்கிருந்த பயமெல்லாம் கோபமாகிவிட்டது. "உங்கட நாடு வாறதுக்கு முந்தி என்னை உள்ளுக்குப் போட்டிருப்பாங்களே" என்று நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு, அந்தக் கொன்ஸ்டபிள் வாசித்துவிட்டு என்ன சொன்னவன் என்று கேட்டார். சொன்னேன். வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசமா இருந்து பழைய அரசாங்கத்தையே நான் திருப்பி எழுதியிருக்கிறன் போல" என்றார். உயிர் தப்பினோமே என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதர், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி இருந்தார். அன்றைக்குத்தான் மகனைப் பற்றிச் சொன்னார். ஒரே மகன். பதினேழு வயதில் டியூசனுக்கு என்று போனவன், சைக்கிளை ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டான். இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாது. வெல்கிற நாளில் அவனும் வருவான், வந்தால் அவனுக்கு ஒழுங்கான ஒரு நாடு இருக்க வேண்டும் என்றுதான் இதெல்லாம்.

ஒரு மாதம் அவரைக் காணவில்லை. பிறகு ஒரேயொரு பக்கத்தோடு வந்தார். மற்ற எல்லாவற்றையும் எரித்துவிட்டாராம். 'வீட்டுக்கு அனுப்பும் திணைக்களம்' என்பது தலைப்பு. புதிய அரசாங்கம் நிதிக்கும் காவலுக்கும் முன்னதாக இதைத் திறத்தல் வேண்டும். போரிட்ட பிள்ளைகள் அனைவரும் தத்தம் வீடுகளுக்கு அனுப்பப்படல் வேண்டும். ஏன் போனாய் என்று எவரும் அவர்களைக் கேட்கலாகாது. கீழே பெயர், வீட்டு முகவரி, வீடு திரும்பும் திகதி. எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லாத ஒன்றை ஐயா அன்றைக்குத்தான் எழுதியிருந்தார். எத்தனை பிரதி என்று கேட்டேன். "ஒண்டே காணும்" என்றார். கார்பன் கொண்டுவரவில்லை.

சமாதானம் வந்து பாதை திறந்தபோது அவர் மகனைத் தேடி, இயக்கத்தின் வசமிருந்த வன்னிக்குப் போனார். இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் தரம் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் மகனைப் பார்க்க விட்டிருக்கிறார்கள். அவன் தாளை வாசித்துவிட்டுச் சிரித்தானாம். "அப்பா, நீங்கள் இன்னும் கந்தோரை விட்டு வெளிக்கிடேல்லை" என்றானாம். பிறகு தகப்பனின் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, இயக்கம் வைத்த பெயரை அல்ல, பெற்றவர்கள் வைத்த பெயரை எழுதியிருக்கிறான். முகவரிக்கு, தான் ஒருநாளும் கண்டிராத வெள்ளவத்தை அறையின் இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான். மூன்றாவது இடத்துக்கு வந்ததும் பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தானாம். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தத் தாளை ஐயா என் மேசையில் விரித்து வைத்தார். தட்டச்சுக்காரியின் பழக்கம், கண் நேரே குறைக்குத்தான் போகும். "ஐயா, திகதி போடேல்லையே" என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. "அந்தத் திகதியைப் போடவேண்டிய கந்தோர் இன்னும் திறக்கேல்லை, பிள்ளை" என்றார். தம்முடைய அறையைத் திரும்பவும் எப்போது சோதிப்பார்களோ தெரியாது, என்னிடமே இருக்கட்டும் என்று தந்துவிட்டுப் போனார்.

திரும்பவும் யுத்தம் மூண்டு, பின்னர் முடிந்தும் போனது. முடிந்த வருடம் அவர் கடைக்கு வந்தார். காணாமற்போனவர்களைப் பற்றி முறையிடும் படிவம் ஒன்றை நிரப்பி அடிக்க வேண்டும். பெயர், முகவரி எல்லாம் ஐயா சொல்லச் சொல்ல அடித்தேன். 'கடைசியாகக் கண்ட திகதி' என்று ஓர் இடம் வந்தது. மரத்தடியில் கண்ட அந்த நாளை, மாதம் வருடம் கிழமையோடு, யோசிக்காமல் சொன்னார். அந்தப் படிவத்தில் ஒரு குறையும் இல்லை. எழுந்து போகும்போது, "அந்தத் தாள் கவனமா இருக்குதோ?" என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன். திருப்பித் தாவென்று கேட்கவில்லை. பிறகு அவர் வரவேயில்லை. அடுத்த வருடம் அவருடைய மனைவிதான், ஓய்வூதியத்தைத் தன் பெயருக்கு மாற்ற ஒரு மனு அடிக்க வந்தார்.

கடையை மூடியும் பல வருடங்களாகின்றன. இப்போது அங்கே கைப்பேசி விற்கிறார்கள். சில காலை வேளைகளில், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அந்தத் தாளை எடுத்து விரித்துப் பார்ப்பேன். நீல மை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தால் பெரும்பாலும் எட்டரை ஆகியிருக்கும். பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப அலுமாரியில் வைத்துவிடுவேன்.