வந்தவர்களும் இருந்தவர்களும்

கல்லூரி ஆண்டு மலரில் அச்சான என் முதல் கட்டுரை, என் தங்கையின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தது. இதை இப்போது அமைதியாக எழுத முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். சாமையும் மரவள்ளியும் விளையும். பலாவும் கடுக்காயும் கிடைக்கும். ஜாகிர்தார்களின் ஆட்சி ஒழிந்து, அரசாங்கம் என்ற ஒன்று மலையேறி வந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. அந்த ஊரின் முதல் பட்டதாரி நான். கீழே சமவெளியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதுகூட, யாருடைய முன்னோர் எந்த அரசனின் படையில் இருந்தார்கள் என்பதே பேச்சாக இருந்தது. அப்படிப் பேசிய மாணவர்கள்தாம், தங்கள் வீட்டில் இன்னும் ஒருவர்கூட அரசு வேலைக்குப் போனதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இல்லாதவனுக்குக் கோரிக்கை மட்டும் போதாது, கொஞ்சம் பெருமையும் தேவைப்படுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

ஏனென்றால் எனக்கும் அது தேவைப்பட்டது. 'மலையிலிருந்து இறங்கினவன்' என்று சிரித்தவர்களுக்குக் காட்ட எங்கள் குடும்பத்திலும் ஒரு படை இருந்தது.

எங்கள் வகையறாவில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து ஏதோ ஓர் அரசனுக்காகச் சண்டைக்குப் போன வீரர்கள் பல ஆண்டுகள் திரும்பவில்லை. செத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, வீட்டார் கருமாதி செய்துவிட்டார்கள். பிறகு அவர்கள் உயிரோடு வந்து நின்றபோது, காரியம் முடிந்த ஆளை வீட்டில் சேர்க்க வழக்கம் இடம் கொடுக்கவில்லை. வாளையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தவர்கள் இந்த மலையில் ஏறினார்கள். அவர்களுடையது என்று சொல்லப்படும் ஓர் ஈட்டி முனை எங்கள் சாமியறையில் இருக்கிறது.

நான் இதைத் தேடிப் போனேன். அப்பாவும் பெரியப்பாக்களும் சொன்ன பாட்டன்மார் பெயர்களை எழுதி வைத்தேன். திருக்கோவிலூர்க் கோயிலுக்குப் போனபோது, படைவீரர் சிலர் விளக்கெரிக்க ஆடு விட்ட செய்தி கல்வெட்டில் இருப்பதாக ஒருவர் படித்துக் காட்டினார். அந்த வீரர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. ஆனாலும் கட்டுரையில் இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்தேன். படிப்பவர்கள் தாங்களாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மலரின் மாணவ ஆசிரியன் நைனார்பாளையத்துக்காரன், என் நண்பன். போராட்டத்தில் முன்னால் நின்றவன். ஏதாவது எழுதிக் கொடு என்று என்னை விடாமல் கேட்டவனும் அவன்தான்.

“இன்னாடா, மலையில கூடவா படை? எங்க ஆளுங்கதான் அதுக்கு மொத்தக் குத்தகைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான்.

“படை இருந்துது. ராஜாதான் யாருன்னு தெரியல.”

“ராஜா தெரியாத படைக்குச் சம்பளம் யாருடா குடுத்தாங்க?”

“அதான் மலையேறிட்டாங்க.”

சிரித்துக்கொண்டே அச்சுக்குக் கொடுத்தான்.

மறு ஆண்டு என் தங்கைக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. வெள்ளிமலை உண்டு உறைவிடப் பள்ளியில் தொடங்கி, கச்சிராயபாளையத்தில் விடுதியில் தங்கி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எங்கள் பக்கத்தில் அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான். இடம் கிடைத்தது பழங்குடியினர் ஒதுக்கீட்டில். சேர்ந்த சில வாரங்களில் பயிற்சிப் பள்ளியில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய சாதிச் சான்று பற்றிப் பெயரில்லாத மனு ஒன்று வந்திருக்கிறது. சான்று உண்மைதான் என்று வருவாய்க் கோட்ட அலுவலகத்திலிருந்து உறுதி வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். மனுவோடு என் கட்டுரையின் பக்கங்களை இணைத்திருந்தார்கள். 'இவர்கள் மலையின் பூர்வ குடிகள் அல்லர், சமவெளியிலிருந்து வந்த போர்வீரர் வம்சம் என்று இவளுடைய அண்ணனே எழுதியிருக்கிறான்' என்பது மனுவின் சாரம்.

அதை அனுப்பியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. கீழே உள்ளவராகவும் இருக்கலாம், எங்கள் உறவாகவும் இருக்கலாம். தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

தங்கை கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “ஏண்ணா, அவங்க அந்தக் காலத்துல போட்ட சண்ட போதாதா? இப்ப என் சீட்டோட வேற சண்டைக்கு வரணுமா?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எனக்கு அவள் ஒருத்தியின் படிப்பு மட்டும் கண்முன் நிற்கவில்லை. அவள் பெட்டியோடு வீட்டிலேயே தங்கிவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு எங்கள் மலையில் யாரும் பெண்ணைக் கீழே அனுப்பமாட்டார்கள். 'போனாளே, இன்னா ஆச்சு?' என்ற ஒரு கேள்வி போதும். ஆகவே, படித்தவன் செய்யக் கூடாத ஒரு காரியத்துக்குத் துணிந்தேன். விசாரணை அதிகாரி வந்தால், படைக் கதையே கிடையாது, பையன் கற்பனையாக எழுதிவிட்டான் என்று சொல்லிவிடும்படி அப்பாவைக் கேட்டேன்.

அப்பா கொட்டகைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அவங்கள ஒரு தடவ சொந்தக்காரங்களே தல முழுகினாங்க. இப்ப நான் ஒரு தடவ முழுகணுமா?” என்றார்.

“தங்கச்சி படிப்புப்பா.”

“தெரியுதுடா. எழுதினது நானா?”



அதிகாரி வருவதாகச் சொன்ன நாளில் கீழே இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கோமுகி அணைக்கு இப்பால் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். விவரம் அறிய நான் இறங்கிப் போனபோது, சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் என் நண்பனும் இருந்தான். மனுவைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மாறியது.

“கட்டுரை எழுதுடான்னு உயிர எடுத்தவன் நான்தான்” என்றான். உட்கார்ந்திருந்த மரத்தைத் தட்டி, “மரத்த மட்டும் என்னால தூக்க முடியாதுடா. மத்தது எதுன்னாலும் சொல்லு” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மரத்தில் அவன் உட்கார்ந்திருந்தது எதற்காகவோ, அதற்காகத்தான் என் தங்கையும் பெட்டி கட்டினாள். ஆனால் கடிதத்தில் கொடுத்திருந்த ஒரு மாதக் கெடுவில் ஒன்பது நாள்தான் மீதி இருந்தது.

நான்கு நாள் கழித்துச் சாலை திறந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஜீப் வந்தது. நடுத்தர வயது அதிகாரி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடையில் வைத்து, வரிசையாகக் கேட்டார். என்ன சாமி, என்ன பயிர், வேட்டைக்கு எப்போது போவீர்கள், செத்தால் புதைப்பதா எரிப்பதா. அப்பா சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு கோப்பைப் புரட்டி மலரின் பக்கங்களை எடுத்தார்.

“உங்க பையன் எழுதியிருக்கறது உண்மைங்களா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“உண்மைதாங்க” என்றார் அப்பா. கருமாதியிலிருந்து மலையேற்றம்வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். என் கட்டுரையைவிட நன்றாகவே சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடவில்லை. “அப்ப நீங்க கீழேருந்து வந்தவங்கதான்” என்றார்.

தங்கை உள்ளே எழுந்து போனாள். அவள் புத்தகங்களை எடுத்து அடுக்கும் ஓசை கேட்டது.

வாசலருகே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “வந்தவங்க அவங்க சார். நாங்க இங்கதான இருந்தோம்.”

“நாங்கன்னா யாரும்மா?”

“பொம்பளைங்கதான். சண்டைக்குப் போன ஆளுங்க பொண்டாட்டிங்களையா கூட்டினு வந்தாங்க? அவங்கதான் தாலிய அறுத்துக்கினு அங்கேயே இருந்துட்டாங்களே.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“எங்க வகையறாவுல கல்யாணத்துக்கு மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்தா, வாசப் படல்கிட்டவே நிக்கணும் சார். கையில ஈட்டியோ கொடுவாளோ எது இருந்தாலும் கீழ வைக்கணும். பொண்ணோட அம்மா கேக்கும், ஊரு எதுன்னு. ஊரு இல்லன்னு சொல்லணும். பேரு எதுன்னு கேக்கும். நீங்க வச்சாதான் பேருன்னு சொல்லணும். அப்பறம்தான் கால்ல தண்ணி ஊத்தி உள்ள விடுவோம். இவரு வூடு அதோ தெரியுது பாருங்க, அதுதான். அங்கேருந்து இங்க வந்து, ஊரே இல்லன்னு சொன்னாரு.”

“அரை நாழி வெயில்ல நிக்க வச்சிட்டாங்க சார்” என்றார் அப்பா. “கேக்கறதுக்கு மறந்துட்டாங்களாம்.”

“மறக்கல” என்றாள் அம்மா.

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். “சாமி யாருதும்மா?”

“சாமி எங்களுது. அந்த ஈட்டி மட்டும் அவங்களுது.”

நான் எத்தனையோ திருமணங்களில் அந்தப் படலருகே நின்றிருக்கிறேன். பசியோடு, எப்போது உள்ளே விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு. அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் வரலாற்றின் மறுபாதி என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பாட்டன்மார் பெயர்களை அத்தனை சிரத்தையாக எழுதிய நான், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார் என்று யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முறத்தைக் கீழே வைக்காமலே சொல்லியிருப்பாள்.

படிவத்தில் 'பூர்வீகம்' என்ற இடத்தில் ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுவதும் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டி, அம்மாவின் கைநாட்டையும் வாங்கிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, “பாதிக் கதைய அச்சடிச்சிட்டீங்க, தம்பி” என்றார். வேறு ஒன்றும் உறுதி சொல்லவில்லை.

இன்னோர் அதிகாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. ஒரு பெண் படிக்க வேண்டுமானால், அவள் அம்மா சாமை புடைத்தபடி ஒரு குலத்தின் பிறப்பையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பது நியாயம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்பா பொய் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் மறுத்திருந்தால், அச்சான கட்டுரை எங்கள் வீட்டையே பொய்யர் வீடாக்கியிருக்கும். அம்மாவும் வாய் திறந்திருக்கமாட்டாள். அந்த ஆறுதல் இன்றும் எனக்குப் பெரிது.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது உறுதிக் கடிதம் வந்தது. சான்று சரியானது, படிப்பைத் தொடரலாம் என்று இரண்டே வரி. தங்கை அதை என்னிடமிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்து, மடித்து, பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் அவளோடு கச்சிராயபாளையம்வரை போனேன். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். அவளிடமிருந்து பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். பஸ் கிளம்புவதற்கு முன்பே, கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சரியாகத் தூங்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுப்ப மனம் வரவில்லை. அவள் இறங்க வேண்டிய ஊரைக் கண்டக்டரிடம் சொல்லி, வந்ததும் எழுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டு இறங்கினேன்.