கேமராவைப் பார்த்த பேட்ஸ்மேன்

பாலக்கரை பிலோமின்ராஜுக்கு 1986-இல் முப்பத்துமூன்று வயது. துவாக்குடியில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். வாரத்தில் ஆறு நாள் இரும்பு, ஏழாம் நாள் கிரிக்கெட். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பேட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். மனைவி லூர்துராணி ஆரம்பப் பள்ளி டீச்சர். பரீட்சைத் தாள் திருத்த அந்த அமைதி அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் கம்பெனி அணிக்கு அவர்தான் ஓப்பனர். முதல் இரண்டு வருடம் அவரை அசைக்க ஆளில்லை. அப்புறம் என்ன ஆயிற்றோ, வருடத்துக்கு வருடம் இறங்கு முகம். எட்டு, மூன்று, பூஜ்யம், பதினொன்று. பந்து வேகமாக வந்தால் ஸ்டம்ப் பறந்தது. கல்யாணம் ஆகிவிட்டதல்லவா என்றார்கள். தொப்பையைக் காட்டிச் சிரித்தார்கள்.

கேப்டன் ரெங்கநாதன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஸ்ரீரங்கத்துக்காரர். அணிக்குக் கோச்சும் அவரே. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "கால நீட்டி ஆடு பிலோமின்." பிலோமின்ராஜ் நீட்டினார். "ரொம்ப நீட்டிட்டே, கொஞ்சம் உள்ள வை." வைத்தார். இப்படியே காலை நீட்டியும் மடக்கியும் மூன்று வருடம் ஓடிற்று. ரன் மட்டும் ஓடவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் ரெங்கநாதன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஓப்பனிங்குக்குப் புதுசா ஒருத்தர் சேந்திருக்கார். நீ ஸ்கோர் எழுதேன் பிலோமின். உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்."

ஆடத் துடிக்கிற ஒரு மனிதனிடம் உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் கிரிக்கெட்டில் கிடையாது. பிலோமின்ராஜ் கெஞ்சிக் கேட்டு ஒரு வாய்ப்பு வாங்கினார். ஏப்ரல் கடைசியில் ஸ்ரீரங்கம் அணியோடு மேட்ச். அதில் ஓப்பனிங் இறங்கலாம். அதிலும் ஆடாவிட்டால் மறுவாரம் முதல் ஸ்கோர் நோட்டு.

அடுத்த வீட்டு மீரான் அப்போதுதான் வீடியோ கேமரா வாங்கிக் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டிருந்தான். பிலோமின்ராஜுக்கு யோசனை தோன்றியது. மூன்று வருடமாக எல்லோரும் குறை சொல்லும் தன் காலைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன?

"கால மட்டும் எடு மீரான். இடுப்புக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"சரிண்ணே" என்று மீரான் தலையை ஆட்டினான்.

தலையை ஆட்டினானே ஒழிய, அவன் கை கேட்கவில்லை. கல்யாண வீடியோவில் அவன் வாங்கிய திட்டெல்லாம் முகத்துக்காக வாங்கியது. மாமா முகம் விழவில்லை, சித்தி முகம் பாதிதான் தெரிகிறது என்று. கால் தெரியவில்லை என்று இதுவரை ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. அதனால் பயிற்சி மேட்ச் அன்று, பேட்ஸ்மேனின் மார்பு எந்தப் பக்கம் பார்த்திருக்குமோ அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, பிலோமின்ராஜின் முகத்தை மட்டும் அழகாக இழுத்துப் பிடித்தான். ஓவருக்கு ஓவர் கிடைத்த இடைவெளியில், உட்கார்ந்து பஜ்ஜி தின்றவர்களையும் பந்தியை எடுப்பதுபோல் வரிசையாக எடுத்து முடித்தான்.

மேட்ச் இல்லாத மறு ஞாயிறு பகலில் மீரான் வீட்டுக் கூடத்தில் வீடியோ டெக் ஓடியது. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. பிலோமின்ராஜ் அன்று சந்தித்தது பதினொரு பந்து. டிவியில் அத்தனையும் முகம். ஒவ்வொரு தடவையும் பந்து கிட்டே வரும் நேரம் பார்த்து அந்த முகம் திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தது.

"மாப்பிள்ளைங்கள கெஞ்சினாக்கூட கேமராவப் பாக்க மாட்டாங்கண்ணே. நீங்க ஒரு பந்து விடலியே" என்றான் மீரான் பெருமையாக. கூடம் குலுங்கிச் சிரித்தது.

"நான் எங்கடா கேமராவப் பாத்தேன்? பந்தத்தான் பாத்தேன். கால எடுடான்னா மூஞ்சிய எடுத்து வச்சிருக்கே." பிலோமின்ராஜுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

லூர்துராணி மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த இடத்துல நிறுத்துங்க." படம் நடுங்கிக்கொண்டே நின்றது. "என்னங்க, நல்லாப் பாருங்க. இது போஸ் இல்ல. கண்ணு பாதி மூடியிருக்கு. பிரம்பத் தூக்கினா எங்க கிளாஸ் பிள்ளைங்க மூஞ்சியத் திருப்புமே, அப்படி இருக்கு."

"எனக்கென்ன பந்துக்குப் பயமா?" என்று பிலோமின்ராஜ் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை லேத்தை ஓட்டினார். இடக்கைப் பக்கம் இரும்பு சுழன்றது. உளி அதைத் தொட்டது. சுடச்சுட இரும்புப் பிசிறு தெறித்தது. அந்தக் கணமே அவர் முகம் தானாக வலப்பக்கம் திரும்பியது. மெஷினை நிறுத்திவிட்டு நின்றார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் திரும்பியது. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பிசிறு இமையைச் சுட்டிருந்தது. அன்று தொடங்கி மெல்ல மெல்ல ஊறிய பழக்கம், பன்னிரண்டு வருடமாக நாளைக்கு நூறு தடவை. வலக்கையால் ஆடுகிறவருக்குப் பந்து வருவதும் அதே இடப்பக்கம்தான். காலை எத்தனை நீட்டி என்ன பயன், கழுத்தல்லவா லேத்தை விட்டு வரவே இல்லை!

கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருடைய மேஜை டிராயரிலும் தூங்கிற்று. வியர்த்தால் மங்கும் என்று ஒருவரும் போடுவதில்லை. பிலோமின்ராஜ் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார். "என்ன, சினிமாவுல கூப்பிட்டாங்களா?" என்று ஷிஃப்டே கேலி பண்ணியது. பண்ணட்டும் என்று விட்டார். இனி கண்ணில் ஒன்றும் படாது என்பதைக் கழுத்துக்குப் புரியவைக்கத்தான் நாளாயிற்று. ஞாயிறுதோறும் வலைப் பயிற்சியில் மீரான் முகத்தை எடுத்தான். இப்போது கேட்டு வாங்கிய முகம். லூர்துராணி பார்த்து எண்ணிச் சொன்னாள். முதல் வாரம் பதினொரு பந்துக்குப் பத்துத் தரம் திரும்பியது. பிறகு ஏழு. பிறகு மூன்று. ஏப்ரல் நடுவில் ஒன்றுகூட இல்லை. அன்று டீச்சர் புருஷனுக்கு நூற்றுக்கு நூறு போட்டாள்.

மேட்ச் ஸ்ரீரங்கத்திலேயே நடந்தது. தென்னை நார்ப் பாய் மேட்டிங் விரித்த பிட்ச். ஸ்ரீரங்கம் அணி 148 எடுத்தது. பந்துபோட வந்தவர் வேணுகோபால், பேங்க் உத்தியோகஸ்தர். கவுண்டரில் அவ்வளவு சாது; கையில் பந்து வந்தால் வேறு ஆள். முதல் பந்தே மேட்டிங்கில் குத்திச் சீறிக்கொண்டு முகத்துக்கு ஏறியது. பிலோமின்ராஜ் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். சிவப்புத் தோலில் இருந்த தையல் தெரிந்தது. எத்தனை வருடம் கழித்து! தலையை ஒரு விரற்கடை ஒதுக்கி அதைப் போகவிட்டார். மூக்கருகில் காற்றடித்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கொஞ்சம் முன்னால் விழுந்ததைத் தள்ளினார். குத்தி எழுந்ததை வெட்டினார். எதிர்முனையில் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அவர் போகவில்லை. எட்டு விக்கெட் போன நிலையில் மூன்று ரன் தேவைப்பட்டது. மூச்சு வாங்கியபடி வேணுகோபால் மறுபடி வந்து, முதல் பந்தைப் போலவே ஒன்றை முகத்துக்கு ஏற்றினார். இந்தத் தடவை பிலோமின்ராஜ் ஒதுங்கவில்லை. கடைசிவரை பார்த்து, சுழன்று அடித்தார். பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. எண்பத்தொன்பது, அவுட் இல்லை.

தொப்பி நனைய வியர்த்து, கண்ணும் நனைந்து அவர் திரும்பி வரும்போது ரெங்கநாதன் அடுத்த வாரப் பட்டியலும் பேனாவுமாக எதிரே வந்தார்.

"ஓப்பனிங்... யார் யார்னு எழுதணும் பிலோமின்."

"முதல்ல என் பேர எழுதுங்க சார். எதிர்ல யார வேணா போட்டுக்குங்க."

ரெங்கநாதன் எழுதினார்.