இடது கன்னத்து யோகம்

ஜெயபாரதியின் வாய்க்குப் பயந்தே அந்தச் சந்தில் பாதிப் பேர் அவளுக்கு வணக்கம் வைப்பார்கள். தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து அது. அதில் மேற்கு பார்த்த பாத்திரக் கடை அவர்களுடையது. புருஷன் பொன்ராஜும் கொழுந்தன் பாலகணேஷும் நடத்துவது. "டம்ளர் கனம் கம்மியா இருக்கே" என்று யாராவது இழுத்தால், "காப்பி குடிக்கத்தானே வாங்குதீங்க, தலையில சுமக்கவா?" என்பாள். அப்படிப்பட்டவளை இருபது வருஷமாகக் கடை வாசலில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி உட்கார வைத்திருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் அவள் வாய் இல்லை. கன்னம்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், முதல் சில வருஷம் கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு வடிப்பதே வேலையாக இருந்தாள். ஒருநாள் பொன்ராஜுக்குக் காய்ச்சல். கல்லாவில் இவள் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்து வடபழனியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, சீர்வரிசைப் பாத்திரம் மொத்தத்தையும் இந்த ஒரே கடையில் எடுத்துவிட்டுப் போனார்கள். "மதினிக்கு முகராசி இருக்கு" என்று பாலகணேஷ் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான். ராசி, சகுனம், வாஸ்து எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கணக்குதான் கொஞ்சம் வராது. வாசலின் தெற்கு ஓரத்தில் நாற்காலி போட்டு, குபேரன் திசையென்று வடக்கு பார்த்து அவளை உட்கார வைத்தான்.

மேற்கு பார்த்த கடையில் வடக்கு பார்த்து உட்கார்ந்தால் இடது கன்னம் தெருப் பக்கம் இருக்கும். உச்சி திரும்பியதும் அந்தக் கன்னத்தில் வந்து உட்காரும் வெயில், பொழுது சாயும்வரை எழுந்திருக்காது. போதாததற்கு வாசலில் சரம் சரமாகத் தொங்கும் எவர்சில்வர் தாம்பாளங்கள் வேறு, தங்கள் பங்கு வெளிச்சத்தையும் அவள் முகத்திலேயே கொட்டும்.

சில வருஷம் கழித்து அந்தக் கன்னத்தில் கடுகு போல ஒரு கறுப்பு வந்தது. பிறகு மிளகு ஆயிற்று. பாலகணேஷ் எங்கெங்கோ புரட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு இடது கன்னத்து மச்சம் தனயோகம் என்றான். அந்த வருஷமே பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தார்கள். ஊரில் ஜனம் பெருகியதா, பொன்ராஜ் நாயாய் உழைத்தானா என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. எல்லாப் புண்ணியமும் மிளகுக்கே போனது. 'மச்சக்காரி கடை' என்று பேரே விழுந்துவிட்டது. பொய் சொல்வானேன், ஜெயபாரதிக்கும் அதில் பெருமைதான். சோறு வடித்தவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது அல்லவா!

போன வருஷம் மச்சத்தின் ஓரம் மெழுகு பூசியது போல மினுங்கியது. துண்டு பட்டால் ரத்தம் கசியும். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும்.

"மச்சம் பெருகினா வியாபாரம் பெருகும் மதினி. கை வச்சிராதீங்க" என்றான் பாலகணேஷ். சந்தனம் அரைத்துப் பூசச் சொன்னான். பொன்ராஜ் வழக்கம்போலப் பாத்திரம் அடுக்கப் போய்விட்டான். ஒரு நாள் தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்தவள், யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் புஷ்ரா ஒரு சின்ன லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது மச்சம் இல்லம்மா."

"பின்ன?"

"சதையை எடுத்துப் பாத்துட்டு உறுதியா சொல்றேன். எனக்குத் தோல் புற்றுன்னுதான் படுது. இந்த வகை பெரும்பாலும் மத்த இடத்துக்குப் பரவாது. ஆனா விட்டா இருக்கிற இடத்தையே தின்னுக்கிட்டுப் போகும். பக்கத்துல மூக்கு, மேல கண்ணு."

"கறுத்த தோலுக்கு அதெல்லாம் வராதும்பாங்களே?"

"குறைவு. வராதுன்னு இல்ல. வெயில்ல ரொம்ப இருப்பீங்களா? எந்தப் பக்கம் படும்?"

பதில் சொல்லத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலி, வடக்கு, தெரு, இடது கன்னம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நாசமாய்ப் போன குபேரன் என்று மனசுக்குள் திட்டினாள். டாக்டர் முன்னால் வாய்விட்டுத் திட்ட முடியவில்லையே என்று அதற்கு வேறு எரிச்சல்.

சோதனையிலும் அதுதான் என்று வந்தது. மார்கழியில் அறுவை நடந்தது. சுற்றிலும் நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுத்து, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்துப் பள்ளத்தில் ஒட்டினார்கள். பார்க்க வந்த பாலகணேஷ் ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மதினி, வெட்டுன துண்டை என்ன செஞ்சாங்க?"

"டெஸ்ட்டுக்குப் போயிருக்கு."

"திருப்பித் தருவாங்களா?"

கன்னத்தில் தையலோடு கத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஆப்பிளை எடுத்து எறிந்தாள். குறி தப்பியதில் இன்றைக்கும் அவளுக்கு வருத்தம் உண்டு.

ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, மிச்சம் இல்லை என்று முடிவு வந்தது. ஆறும்வரை பொன்ராஜ்தான் காலையும் மாலையும் பஞ்சுக் குச்சியில் களிம்பு எடுத்துத் தடவினான். பாத்திரம் அடுக்கிக் காய்த்துப்போன விரல். ஆனாலும் வலிக்காமல் தடவினான். வாயைத் திறந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாலும், இந்த மனுஷன் தன் பக்கம் என்று அவள் நம்பினாள். அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான்.

கடைசியாகத் தையலைப் பார்த்த அன்று டாக்டர் புஷ்ரா கறாராகச் சொன்னாள். "ஒரு தடவை வந்தவங்களுக்கு இன்னொண்ணு வர வாய்ப்பு ஜாஸ்தி. காலை பத்துலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் வெயிலே ஆகாது. அதுக்கப்புறமும் நேரா முகத்துல பட விடாதீங்க. அகலமான தொப்பி, முழுக்கை ஜாக்கெட், சன்ஸ்கிரீன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திரும்பப் போடணும். நிழல்ல இருந்தாலும் பளபளன்னு இருக்கிற சாமான்ல பட்டு வர்றதும் வெயில்தான். புதுசா ஆறாத புண்ணு எதைப் பாத்தாலும் உடனே வாங்க."

"நான் பாத்திரக் கடைங்க டாக்டர்."

"அப்ப உங்க கடையை மாத்திக் கட்டுங்க. முகத்தை இன்னொரு தடவை வெட்டுறதைவிட அது சுலபம்."

இங்கே கடையிலோ வியாபாரம் படுத்திருந்தது. மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்? எந்த வருஷம் மார்கழியில் குடமும் அண்டாவும் பறந்திருக்கிறது? அதெல்லாம் பாலகணேஷுக்குத் தெரியாதா என்ன! தெரிந்தும், "தோலை எடுத்தவங்க யோகத்தையும் சேத்து எடுத்துட்டாங்க" என்று வருகிறவனிடமெல்லாம் புலம்பினான்.

மாசியில் ஜெயபாரதி கடைக்குத் திரும்பினாள். இந்த ஊரில் மாசியிலேயே சித்திரை வந்துவிடும். எதிரே நடைபாதையில் ஃபேன்சி சாமான் விற்கும் தௌசீஃபிடம் அகல விளிம்புத் தொப்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தில் சன்ஸ்கிரீனோடு வந்து நின்றாள்.

பாலகணேஷ் சிரித்தான். "என்ன மதினி, இந்த வயசுல வெள்ளையாவணும்னு ஆசை வந்துட்டா?"

"உங்க மூளை மாதிரி வெள்ளையாவணும்னுதான். அதுல ஒரு எழுத்துகூட இல்லியே" என்றாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். தொங்கும் தாம்பாளங்களை உள்ளே மாற்ற வேண்டும். வாசலின் மேற்கே ஒரு படுதா கட்ட வேண்டும். அவ்வளவுதான். நாற்காலியை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

"கடை முகத்தை மூடினா லட்சுமி எப்படி உள்ள வருவா?"

"கொல்லைப்பக்கமா வரட்டும். இல்ல, அவளும் ஒரு குடை பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

"வெளையாடாதீங்க மதினி. படுதா கிடையாது. வெயில் ஆகாதுன்னா வீட்டுல இருங்க. இங்கதான் உக்காருவேன்னா..." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். கண் மை. "அந்த எடத்துல ஒரு புள்ளி வச்சுக்கிடுங்க. பிள்ளைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கதில்லையா, அது மாதிரிதான். பாக்குறவங்களுக்கு மச்சம் இருக்கும். கடைக்கும் நல்லது."

ஜெயபாரதிக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியபோது, ஒட்டிய தோல் விண்ணென்று தெறித்தது. தன்னைத் தின்ன வந்ததை வெட்டி எடுத்து, அந்தப் பள்ளம் ஆறிச் சிவந்து இன்னும் கரடுமுரடாகக் கிடக்கிறது. அதே இடத்தில் அதையே திரும்ப வரைந்துகொண்டு, அதே வெயிலில் உட்கார வேண்டுமாம். பொன்ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பில் மெஷினில் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

டப்பாவை எடுத்துத் தெருவில் வீசினாள். இந்தத் தடவை குறி தப்பவில்லை; எதிரே தௌசீஃபின் காலடியில் போய் விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இன்னாக்கா, புது மை, தூக்கிப் போட்டுக்கினு கீறே? அண்ணன் காத்தாலதானே வாங்கினு போச்சு."

"இந்தா நிக்காரே, இவரா?"

"இவரு இல்லக்கா. பெரியவரு. நல்லதா குடு, ஆபரேசன் பண்ண தோலு, எரியக் கூடாதுன்னு நாலு டப்பாவைப் பிரிச்சு மோந்து பாத்து வாங்கினாரே!"

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். சொல்லிவிட்டு, முகங்களைப் பார்த்துவிட்டு, டப்பாவை வைத்துவிட்டு நழுவினான்.

பாலகணேஷ் முட்டாள், அவனை அவளால் செரித்துக்கொள்ள முடியும். ஆனால் களிம்பு தடவிய விரல் அல்லவா அந்த மையை மோந்து பார்த்து வாங்கியிருக்கிறது? எரியக் கூடாதாம்! அவளுக்கு வயிறு எரிந்தது. புற்று என்று டாக்டர் சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"நீங்களா?" என்றாள்.

"இவன் தினமும் ஒப்பாரி வைக்கான் பாரதி. ஒரு புள்ளிதானே, வச்சுக்கிட்டா இவன் மனசு சமாதானமாயிரும்னு..."

"நான் செத்தா யாரு மனசு சமாதானமாவும்?"

பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கையைப் பிடித்து இழுத்து வந்து வாசல் நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள். டப்பாவைத் திறந்து, விரலில் மையை வழித்து, இடது கன்னத்தில் அழுத்தி ஒரு வட்டம் வைத்தாள். தாம்பாளம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாலகணேஷ் பதறினான். "மதினி, ஆம்பளைக்கு வலது கன்னம்ல!"

"வலது கன்னத்துல வெயில் படாதே. யோகம் எப்படி வேலை செய்யும்?"

உள்ளே போய், மின்விசிறிக்கு அடியில் பில் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். பொன்ராஜ் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இன்னும் என்ன நடக்குமோ என்ற பயமாக இருக்கலாம். செய்த காரியம் உறைத்ததாகவும் இருக்கலாம். அவள் அதை ஆராயவில்லை.

உச்சி சாய்ந்தது. வெயில் தெருவைத் தாண்டி, படியேறி, அவன் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. தாம்பாளங்கள் காற்றில் அசையும்போதெல்லாம் வெளிச்சம் அவன் கண்ணில் குத்தியது. கண்ணைச் சுருக்கினான். தலையைத் திருப்பினான். காதோரம் வழிந்த வேர்வையோடு மையும் இறங்கியது. கடைசியில் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தில் பிடித்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "முகத்தை மறைக்காதீங்க. லட்சுமி எப்படி உள்ள வருவா?"

கைக்குட்டை கீழே இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு, கடையில் நெடுநாளாக இருக்கும் தங்கவேலைக் கூப்பிட்டான்.

"தங்கவேலு, மேல அந்தப் படுதா கெடக்குல்லா. எடுத்துட்டு வந்து கட்டுப்பா."

"அண்ணே..." என்று பாலகணேஷ் ஆரம்பித்தான்.

"கட்டச் சொன்னேன்!" பொன்ராஜ் அப்படிக் கத்தி அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. "அந்தத் தாம்பாளத்தையும் எறக்கு."

ஜெயபாரதி எழுந்து வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் கூடிற்று.

"நான் இருபது வருஷம் உக்காந்தேன். உங்களால ஒரு மத்தியானம் முடியல" என்றாள். "நான் கேட்டப்ப உங்களுக்கு வாய் எங்க போச்சு?"

அவன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். படுதா ஏறியது. வாசலில் நிழல் விழுந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியைக் கிழக்கு பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். குபேரனுக்கு முகத்தைக் காட்ட அவளுக்கு இனி இஷ்டமில்லை.

சற்று நேரத்தில் கல்யாணப் பெண்ணோடு ஒரு அம்மாள் படியேறினாள். சத்தம் கேட்டுத் திரும்பிய ஜெயபாரதியின் தழும்பைப் பார்த்துத் தயங்கினாள்.

"மச்சக்காரி கடைன்னு சொல்லி அனுப்பினாங்க. இதுதானே?"

"இதேதான்."

"மச்சம்...?"

"அதோ, அவரு வச்சிருக்காரு" என்று காட்டினாள் ஜெயபாரதி.

தாம்பாளங்களைச் சுமந்துகொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான் பொன்ராஜ். மை கன்னத்திலிருந்து தாடைவரை கரைந்து இறங்கியிருந்தது. கை ஒழியாததால் அவன் துடைக்கவில்லை. துடைக்கச் சொல்லி அவளும் சொல்லவில்லை.

"குடம் எந்த சைசுல பாக்குதீங்க?" என்று கேட்டாள்.