பவர் பிரஸ்ஸுக்கு ஒரு மெனு

எனக்குக் கோபம் மூக்கின் மேல். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாதவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான் என்று அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்கிறார்கள். விரல் இருந்த காலத்திலும் நான் இப்படித்தான் இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினேன். கீழ் டையில், அதாவது கீழ் அச்சில், தகட்டை வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும், மேல் டை இறங்கி அடிக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் சுற்றிவிட்டால் ஒற்றைக் கையால் ஓட்டலாம், வேலை சீக்கிரம் முடியும். அப்படி டேப் சுற்றிய மெஷினில்தான் என் விரல்கள் போயின. டையைத் துடைத்துவிட்டு அடுத்த ஷிஃப்டை ஓட்டினார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டேன். அந்த முதலாளியை நான் திட்டாத நாள் கிடையாது.

அப்புறம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கள்ளிக்குப்பம் வீட்டில் உட்கார்ந்தபடி சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து பிழைக்கிறேன். போன வருடம் வந்த வேலையும் ஒரு பிரஸ் பட்டறையுடையது. முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். மெனுவில் வெறும் எழுத்து இருந்தால் வெளியூர்க்காரன் மதிக்கமாட்டான், ஒவ்வொன்றுக்கும் அசைகிற ஐகான் வேண்டும் என்றார். முகப்புக்கு ஒரு ஷெட், தொடர்புக்கு அதிரும் போன், 'எங்கள் வேலை' என்பதற்கு ஒரு பவர் பிரஸ். மவுஸ் மேலே வந்தவுடன் டை இறங்கி அடிக்க வேண்டும், பார்க்கிறவனுக்கு நெஞ்சு அதிர வேண்டும் என்று ஒரு கையால் மற்றக் கையில் குத்திக் காட்டினார்.

வரைவது எனக்குப் பெரிய வேலையில்லை. அந்த மெஷினை போல்ட் போல்ட்டாகத் தெரியும். அரை நாளில் முடித்துவிட்டு, சோதிப்பதற்காக மவுஸை அதன் மேல் கொண்டுபோனேன். இணைப்பின் மேல் போனால் அம்புக்குறி, விரல் நீட்டிய ஒரு கையாக மாறும் அல்லவா? எல்லா வெப்சைட்டிலும் நடப்பதுதான், நான் யோசிக்கவே இல்லை. கை டைக்குள் போய் நின்றது. ஆள்காட்டி விரல் நீண்டிருந்தது. மேல் டை இறங்கி அதன் மேல் அடித்தது. கையை எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்படி நானேதான் எழுதிவைத்திருந்தேன்.

மவுஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். சில்லு சில்லாகப் போனது. அது போதாமல் கீபோர்டை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். இல்லாத இரண்டு விரலும் திகுதிகுவென்று எரிந்தன. சமையலறையிலிருந்து வந்து பார்த்த என் மனைவி, "அடுத்து இன்னா, டிவியா?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனாள்.

மறுநாள் புது மவுஸ் வாங்கி வேறு மாதிரி எழுதினேன். கை வந்தால் மேல் டை தூக்கியபடி நிற்கும். கை விலகிய பிறகுதான் இறங்கும். என் ஆயுசில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று தோன்றியது. பெருமை தாங்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

முதலாளி இரண்டு முறை பார்த்து முகத்தைச் சுளித்தார். கையை எடுத்த பிறகு அடித்தால் எவன் பார்ப்பான், வந்தவுடனே அடிக்கட்டும் என்றார். கை நசுங்குகிறதே என்றேன். சிரித்தார்.

"அது மவுஸு நைனா. அதுக்கு இன்னா வலிக்கவா போவுது?"

அவர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்கள். முதல் மெஷினில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, இடது கையால் தகடு போட்டு வலது கையால் ஒற்றைப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு பட்டனில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அப்புறம் நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். டேப்பை நகத்தால் பிய்த்து எறிந்தேன். பின்னாலேயே வந்து காலரைப் பிடித்த முதலாளியின் வாயில் குத்தினேன். உதடு பிளந்தது. அவர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து என் விலாவில் வீசினார். மூச்சு நின்று வந்தது. அவர் கழுத்தைப் பிடித்துத் தகட்டுக் குவியல் மேல் சாய்த்து, கையை முறுக்கி டையை நோக்கி இழுத்தேன். மெஷின் அணைந்திருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அந்தக் கையை உள்ளே வைக்க எனக்கு ஆசையாக இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. நாலு பேர் சேர்ந்து எங்களைப் பிரித்தார்கள். அவர் ரத்தத்தைத் துப்பியபடி, போலீசைக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு அறைக்குப் போனார்.

அந்தப் பெண் டேப் ரோலை எடுத்து பட்டனில் மறுபடி சுற்றத் தொடங்கினாள். வேண்டாம்மா என்றேன். இந்தக் குவியல் முடியாமல் தன்னை வெளியே விடமாட்டார்கள், நாலு மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்கும் என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். என் கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். இத்தனை வருடம் மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

"என் மெஷினுக்கு டேப் சுத்தினது நான்தாம்மா. எந்த மொதலாளியும் சுத்தல."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"தெரியாமயா சுத்துன? தெரிஞ்சிதானேண்ணா சுத்துன. நானும் தெரிஞ்சிதான் சுத்திகினு கீறேன்."

மெயினைப் போட்டாள். இடது கை உள்ளே போனது, வெளியே வந்தது, மேல் டை இறங்கியது. மறுபடி உள்ளே போனது. ஒவ்வொரு முறையும் அந்தக் கை முழுதாக வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வாட்ச்மேன் வந்து தோளைப் பிடித்து இழுத்தபோது நான் அவரை அடிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.